பிரமத்தண்டுக் கஷாயமும் மலேரியாவும்: மாலி நாட்டில் ஓர் இலை மருந்து சோதிக்கப்பட்ட விதம்

பின்னணி

மலேரியாவுக்கு இலைச்சாறு சோதிக்கிறோம் என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒரு செடியைப் பறித்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, மெத்தனாலிலோ எத்தனாலிலோ ஊறவைத்து, வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கி, கடைசியில் மிஞ்சுகிற பச்சைக் கறுப்புப் பிசினைக் கொஞ்சம் எடுத்துக் கரைத்து, ஆய்வகத் தட்டில், சிவப்பணுக்களில் வளர்த்து வைத்திருக்கும் பால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணியின்மேல் விடுவார்கள். ஒட்டுண்ணியின் வளர்ச்சி பாதியாகக் குறைய எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்று ஓர் எண் கிடைக்கும். எண் சின்னதாக இருந்தால் கட்டுரை வெளியாகும், பட்டம் கிடைக்கும், அப்புறம் அந்தச் செடியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இப்படிப் பாதியில் நின்றுபோன செடிகளின் பட்டியல் மிக நீளம். நம் ஊர் நிலவேம்பும் வேம்பும் அதில் எத்தனையோ முறை வந்து போயிருக்கின்றன.

தட்டில் வேலை செய்த சாறு வயிற்றுக்குள் போனதும் என்ன ஆகிறது என்பது வேறு கேள்வி. குடலில் உறிஞ்சப்படாமலே வெளியேறலாம், கல்லீரல் அதைச் சிதைத்துவிடலாம், ரத்தத்தில் சேரும் அளவு தட்டில் போட்ட அளவில் நூறில் ஒரு பங்குகூட இல்லாமல் போகலாம். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வீட்டில் யாரும் மெத்தனாலில் ஊறவைத்துக் குடிப்பதில்லை, தண்ணீரில் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறார்கள். மெத்தனால் இழுத்து வருகிற பொருள்கள் வேறு, தண்ணீர் இழுத்து வருகிற பொருள்கள் வேறு.

ஆய்வகத்தில் ஆரம்பித்து வெற்றி கண்ட கதையும் உண்டு, மறுக்கவில்லை. 1967 மே 23 அன்று சீன அரசு ராணுவத் தேவைக்காகத் தொடங்கிய ரகசியத் திட்டத்தில், டு யூயூ என்ற ஆய்வாளரின் குழு 2000க்கும் மேற்பட்ட பழைய மருத்துவக் குறிப்புகளைத் திரட்டி, சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகள் எடுத்து எலிகளில் சோதித்தது. கொதிக்க வைத்தால் வீரியம் போகிறது என்று கண்டு, குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் ஈதரைப் பயன்படுத்தி எடுத்த 191ஆம் எண் சாறு 1971 அக்டோபரில் எலிகளின் ரத்தத்திலிருந்து ஒட்டுண்ணியை முழுசாகத் துடைத்தது. அதிலிருந்துதான் ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்து வந்தது, 2015இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் அது ஒரு பெரிய நாட்டின் அரசும் பல நிறுவனங்களும் சேர்ந்து இழுத்த தேர். ஒரு சின்ன ஆய்வகம், கொஞ்சம் பணம், ஒரு ஏழை நாடு என்று இருந்தால் அதே பாதையில் போக முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு குழு வேறு வழியில் போய்ப் பார்த்தது. அதைத்தான் இங்கே ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். ஆய்வாளர்கள், வைத்தியர், நோயாளிகள் யார் பெயரும் இதில் வராது.

இடம் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி, காலம் 2000க்குப் பிந்தைய பத்தாண்டு. அங்கே மலேரியா என்றால் பால்சிபாரம், மழைக்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு குழந்தைகளுக்குக் காய்ச்சல். வழக்கமான மலேரியா மாத்திரையான குளோரோகுயின் மெல்ல மெல்லத் தோற்றுக்கொண்டிருந்தது. சுகாதார நிலையம் தூரம், கையில் காசு இல்லை, ஆகவே காய்ச்சல் வந்தால் முதலில் அடுப்பில் ஏறுவது ஏதாவது ஓர் இலைக் கஷாயம். தலைநகர் பமாகோவில் பாரம்பரிய மருத்துவத்துக்கென்றே ஓர் அரசுத் துறை இருக்கிறது. மூன்று செடிகள் கலந்த ஒரு மலேரியாத் தேநீரை அவர்கள் ஏற்கெனவே உருவாக்கியிருந்தார்கள், அதில் முக்கியமானது நம் ஊர்ப் பேயாவிரை. அதைவிட நல்லதாக, கிராமத்து வீட்டிலேயே ஒரே செடியை வைத்துச் செய்துகொள்ளக்கூடியதாக ஒன்று கிடைக்குமா என்று அந்தத் துறையும் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலரும் சேர்ந்து தேட ஆரம்பித்தார்கள்.

முதல் முடிவு: தட்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது

வழக்கமாக இந்தக் கட்டத்தில் வைத்தியர்களிடம் போய் ‘மலேரியாவுக்கு எந்த மூலிகை கொடுக்கிறீர்கள்’ என்று கேட்டுப் பட்டியல் எடுப்பார்கள். இந்தக் குழு அப்படிச் செய்யவில்லை. கிராம வீடுகளுக்குப் போய், சமீபத்தில் உங்கள் வீட்டில் யாருக்கு மலேரியா வந்தது, என்ன கொடுத்தீர்கள், எப்படித் தயாரித்தீர்கள், எத்தனை நாள் கொடுத்தீர்கள், கடைசியில் என்ன ஆனது என்று கேட்டார்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் மூலிகைப் பட்டியல் எடுக்கிற யாரும் அதைக் கேட்பதில்லை. வைத்தியர் எது நல்லது என்று நம்புகிறார் என்பது ஒரு தகவல். அதைக் குடித்த குழந்தை எழுந்து விளையாடியதா, இல்லை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்றா என்பது அதைவிடப் பெரிய தகவல்.

952 நோய்க்கதைகள் சேர்ந்தன. அவற்றில் 66 செடிகள் தனியாகவும் கலவையாகவும் வந்தன. எந்தச் செடி கொடுக்கப்பட்டவர்கள் முழுசாகக் குணமானார்கள் என்று புள்ளியியல் முறையில் ஒப்பிட்டபோது ஒரு செடி தனித்து நின்றது. அதைக் குடித்ததாகச் சொல்லப்பட்ட 30 பேரில் 30 பேரும் குணமானதாகச் சொன்னார்கள்.

30க்கு 30 என்று பார்த்ததும் உற்சாகம் வருவது இயல்புதான். ஆனால் எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 30 பேரில் ஒருவருக்குக்கூடத் தோல்வி இல்லை என்றால், உண்மையான தோல்வி விகிதம் சுமார் 10 சதவீதம்வரை இருக்கலாம் என்பதுதான் கணக்கு. அதோடு, இதெல்லாம் நினைவிலிருந்து சொன்னவை. ரத்தப் பரிசோதனை செய்து மலேரியா என்று உறுதி செய்தவை அல்ல. லேசான காய்ச்சலுக்குத்தான் அந்த இலையைக் கொடுத்தார்களோ, கடுமையானால் வேறு எங்காவது போனார்களோ என்ற சந்தேகமும் நியாயமானது. குழுவுக்கும் இது தெரிந்திருந்தது. அதனால் இதை மருந்து என்று அறிவிக்கவில்லை, எந்தச் செடியில் அடுத்த பணத்தையும் உழைப்பையும் போடலாம் என்று தேர்ந்தெடுக்க மட்டும் பயன்படுத்திக்கொண்டார்கள். தேர்ந்த பிறகு அந்தச் செடியின் நச்சுத்தன்மை பற்றி ஏற்கெனவே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் படித்தார்கள். இந்தச் செடி விஷயத்தில் அப்படிப் படிக்காமல் மேலே போயிருக்கவே முடியாது.

செடி

அந்தச் செடி ஆர்கெமோன் மெக்சிகானா. நம் ஊரில் பிரமத்தண்டு, சில இடங்களில் குடியோட்டிப்பூண்டு. ரோட்டோரத்திலும் தரிசிலும் குப்பைமேட்டிலும் முளைத்துக் கிடக்கும். இலையில் நரம்பை ஒட்டி வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடும், ஓரம் முழுக்க முள், மேலே பளிச்சென்ற மஞ்சள் பூ. தண்டை ஒடித்தால் மஞ்சள் பால் கசியும், துணியில் பட்டால் கறை விழும். ஆடு மாடு வாய் வைக்காது, அதனால்தான் மேய்ச்சல் நிலத்தில் மற்றதெல்லாம் மொட்டையாகிப் போனாலும் இது மட்டும் நிற்கும். பூர்வீகம் அமெரிக்கக் கண்டம், நமக்கும் மாலிக்கும் வந்தேறிய செடிதான்.

இதன் விதை சின்னதாக, கறுப்பாக, கடுகு மாதிரியே இருக்கும். அங்கேதான் ஆபத்து. விதை எண்ணெயில் சாங்குவினரின் என்ற நச்சு இருக்கிறது. கடுகெண்ணெயில் இந்த எண்ணெய் கலந்தால் கால் வீங்கி, மூச்சுத்திணறி, இதயம் பழுதாகிற நோய் கும்பல் கும்பலாக வரும். 1998இல் டெல்லியில் அப்படி வந்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்தியாவில் மருத்துவம் படித்தவர்களுக்கு இந்தச் செடியின் பெயர் மருந்தாக நினைவுக்கு வராது, அந்த விஷ வீக்கமாகத்தான் வரும்.

மாலியில் பயன்படுத்தியது விதையை அல்ல. மண்ணுக்கு மேலிருக்கும் இலையும் தண்டும்தான், அதையும் உலர்த்தித் தண்ணீரில் கொதிக்க வைத்த கஷாயம், எண்ணெய் இல்லை. அதற்காகப் பாதுகாப்பு உறுதி என்று அர்த்தமாகாது. அதனால்தான் அடுத்த கட்டத்தில் காய்ச்சலை மட்டும் கவனிக்காமல் இதயத்தையும் கவனிக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

எவ்வளவு கொடுப்பது

தெற்கு மாலியில் மிசிடுகு என்று ஒரு கிராமம். அங்கே இந்தக் கஷாயத்தைக் கொடுத்துவந்த ஒரு பாரம்பரிய வைத்தியர் ஆய்வுக்கு ஒத்துக்கொண்டார். ஆய்வுக்குழு அவர் இருக்கும் இடத்துக்கே போனது. நோயாளிகளை நகரத்துக்கு அழைத்து வந்து, வேறொருவர் காய்ச்சிய கஷாயத்தைக் கொடுத்து, வேறொரு சூழலில் சோதித்திருந்தால், கடைசியில் கிடைக்கும் பதில் கிராமத்துக்குப் பொருந்தாமல் போயிருக்கும். சரியான முடிவு.

80 நோயாளிகள். அளவை மூன்று படியாக ஏற்றினார்கள். முதல் தொகுதியில் 23 பேர், நாளுக்கு ஒரு வேளை, 3 நாள். இரண்டாவதில் 40 பேர், நாளுக்கு இரண்டு வேளை, 7 நாள். மூன்றாவதில் 17 பேர், முதல் 4 நாள் நாலு வேளை, அப்புறம் 3 நாள் இரண்டு வேளை. குணம் தெரிகிறதா என்று மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நிலைமை மோசமானால் கொடுக்க நவீன மருந்து பக்கத்திலேயே இருந்தது. கஷாயம் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கிற சோதனை எங்கேயும் நடக்கக் கூடாது, இது அப்படி நடக்கவில்லை.

14ஆம் நாள் பார்த்தபோது, போதுமான அளவு குணம் கண்டவர்கள் முதல் தொகுதியில் 35 சதவீதம், இரண்டாவதில் 73, மூன்றாவதில் 65.

இந்த மூன்று எண்களிலும் இரண்டு சேதி இருக்கிறது. அளவு கூடினால் பலன் கூடுகிறது, 35இலிருந்து 73க்கு. காய்ச்சல் தானாகவே இறங்குகிறது, கஷாயத்துக்கு வேலையே இல்லை என்றால் இப்படி ஒரு ஏற்றம் வந்திருக்க வாய்ப்புக் குறைவு. போலி மருந்து கொடுத்து ஒப்பிடும் தொகுதி இல்லாத சோதனையில், மருந்துக்கு உண்மையில் சக்தி இருக்கிறது என்பதற்கு இதுதான் கையில் இருந்த நல்ல சான்று. இரண்டாவது சேதி, 73க்கு மேலே போகவில்லை. அளவை இன்னும் ஏற்றியும் பலன் கூடவில்லை.

ஆனால் வேறு ஒன்று கூடியது. மூன்றாவது தொகுதியில், ஆரம்பத்தில் ஈசிஜி சரியாக இருந்த இரண்டு பேருக்கு க்யூடி இடைவெளி நீண்டது. இதயம் ஒரு துடிப்பு முடிந்து அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் அது. அளவுக்கு மீறி நீண்டால் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் உண்டு. குயினின் முதல் ஹாலோபேன்ட்ரின் வரை பல மலேரியா மருந்துகளிலும் பார்த்துப் பயப்பட வேண்டிய விஷயம் இதுதான். மற்றபடி சொல்லப்பட்ட பக்க விளைவுகள் இருமல், வயிற்றுப்போக்கு. பலனில் பெரிய வித்தியாசம் இல்லை, இதயத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது என்றான பிறகு நடுவில் இருந்த அளவையே அடுத்த கட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ஈசிஜி எடுக்காமல் விட்டிருந்தால் ‘நிறையக் கொடுத்தால் சீக்கிரம் குணமாகும்’ என்ற நம்பிக்கையில் மூன்றாவது அளவையே தேர்ந்திருக்கக்கூடும். கிராமத்தில் ஈசிஜி இயந்திரத்தைக் கொண்டுபோய் வைப்பது தேவையில்லாத செலவு என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

ஒட்டுண்ணி போகவில்லை

இதே 80 பேரின் ரத்தத் தடவலைப் பார்த்தபோது வந்த முடிவுதான் இந்த ஆய்வின் மிகச் சிக்கலான இடம். ஒட்டுண்ணி முழுசாக மறைந்தவர்கள் மிகக் குறைவு. காய்ச்சல் போய்விட்டது, சாப்பிடுகிறார்கள், நடமாடுகிறார்கள், ஆனால் ஸ்லைடில் ஒட்டுண்ணி இருக்கிறது. குணம் கண்டவர்களில் 67 சதவீதம் பேருக்கு 14ஆம் நாள் அது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு 2000க்குக் கீழே இருந்தது.

நம் ஊர் மருத்துவர் யாரிடம் இதைக் காட்டினாலும் ‘அப்படியென்றால் மருந்து தோற்றுவிட்டது’ என்பார். பெரும்பாலான இடங்களில் அவர் சொல்வது சரி. ஆனால் மலேரியா ஓயாமல் பரவுகிற ஒரு மாலி கிராமத்தில் ஐந்து வயதைத் தாண்டிய யாருக்கும் ஓரளவு எதிர்ப்பு சக்தி வந்திருக்கும், ரத்தத்தில் கொஞ்சம் ஒட்டுண்ணியோடு நோய் எதுவும் இல்லாமலே நடமாடிக்கொண்டிருப்பார்கள். அங்கே ஒரே மழைக்காலத்தில் ஒட்டுண்ணியை முழுக்கத் துடைத்தாலும் அடுத்த கொசுக்கடியில் மறுபடி வரும். அதனால் குழு எடுத்த நிலைப்பாடு: இந்த இடத்தில் நாம் அளக்க வேண்டியது ஒட்டுண்ணி அடியோடு போனதா என்பதை அல்ல, நோயாளி குணமானாரா, கடுமையான மலேரியாவுக்குப் போகாமல் இருந்தாரா என்பதை.

இந்த நிலைப்பாட்டை நான் பாதி ஒத்துக்கொள்கிறேன். அதே ஆய்வில் வயதுவாரியாகப் பார்த்தால் காரணம் புரியும். 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் 81 சதவீதம் குணம், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 45 சதவீதம்தான். கஷாயமும் உடம்பின் எதிர்ப்பு சக்தியும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன, எதிர்ப்பு சக்தி இன்னும் வராத குழந்தைக்குக் கஷாயம் மட்டும் போதவில்லை. மலேரியாவில் முதலில் சாவது அந்தக் குழந்தைகள்தான். ஆகவே ‘குணமாக்குகிறது’ என்ற ஒரே வார்த்தையால் இந்த 81ஐயும் 45ஐயும் மூடிவிடக் கூடாது.

நேருக்கு நேர்

அடுத்தது, நவீன மருந்தோடு வைத்துப் பார்ப்பது. கடுமையாகாத மலேரியா என்று கருதப்பட்ட 301 நோயாளிகளை (வயது வரிசையில் நடுவில் வருபவருக்கு 5 வயது) குலுக்கல் முறையில் பிரித்து ஒரு தொகுதிக்குக் கஷாயமும் இன்னொன்றுக்கு ஆர்ட்டிசுனேட்–அமோடியாகுயின் கூட்டு மாத்திரையும் கொடுத்தார்கள். 28 நாள் கண்காணிப்பு. அளந்தது மிக எளிமையான ஒன்று: முதலில் கொடுத்த மருந்து போதாமல் இரண்டாவது மருந்து தேவைப்பட்டதா இல்லையா. ஒரு தாய் வீட்டில் கவலைப்படுவதும் அதைப் பற்றித்தான்.

2010இல் வெளியான முடிவு இது. இரண்டாவது மருந்து தேவைப்படாதவர்கள் கஷாயத் தொகுதியில் 89 சதவீதம், மாத்திரைத் தொகுதியில் 95 சதவீதம். புள்ளியியல் ஐயத்தையும் சேர்த்துச் சொன்னால் கஷாயத்துக்கு 84.1இலிருந்து 93.2 வரை, மாத்திரைக்கு 88.8இலிருந்து 98.3 வரை. 5 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளில் கடுமையான மலேரியாவுக்குப் போனவர்கள் இரண்டு பக்கமும் 1.9 சதவீதம், அதற்கு மேற்பட்ட வயதில் ஒருவரும் இல்லை. வலிப்போ நினைவு தப்பிய மயக்கமோ யாருக்கும் வரவில்லை. இரண்டு மருந்தையும் நோயாளிகளின் உடம்பு ஏற்றுக்கொண்டது.

கஷாயம் மாத்திரைக்குச் சமம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நூறு பேரில் 11 பேருக்கு இரண்டாவது மருந்து தேவைப்பட்டது, மாத்திரையில் 5 பேருக்கு, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் ரோட்டோரம் முளைத்துக் கிடக்கிற, காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத ஒரு செடி, முறையாக நடந்த ஒரு குலுக்கல் சோதனையில் இவ்வளவு தூரம் வந்தது சாதாரண விஷயம் இல்லை. ஒப்பிடுவதற்குச் சொல்கிறேன்: ஆர்டிமிசினின் தருகிற அதே செடியின் இலையைத் தேநீராக வைத்து காங்கோவில் 132 நோயாளிகளுக்குச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். ஏழாம் நாளில் தேநீர்த் தொகுதிகளில் சராசரி 74 சதவீதம் குணம், குயினினில் 91, ஆனால் அப்புறம் தேநீர் குடித்த பலருக்கு நோய் திரும்பி வந்துவிட்டது. நோபல் பரிசு வாங்கித் தந்த செடியே தேநீராகக் குடித்தபோது நிலைக்கவில்லை. தவிர, அந்தத் தேநீர் குறைந்த அளவு ஆர்டிமிசினினை ரத்தத்தில் விட்டு ஒட்டுண்ணிக்கு அந்த மருந்தையே பழக்கிவிடும் என்ற பயமும் உண்டு. பிரமத்தண்டில் ஆர்டிமிசினின் இல்லை, ஆகவே அந்தப் பயம் இங்கே இல்லை.

வேதியியல் கடைசியில் வந்தது

எல்லாம் முடிந்த பிறகுதான் இலைக்குள் என்ன இருக்கிறது என்ற வேலை பெரிதாக நடந்தது. பெர்பெரின், புரோட்டோபின், அல்லோக்ரிப்டோபின் என்று மூன்று ஆல்கலாய்டுகள், அதாவது செடிகள் உண்டாக்கும் ஒரு வகை வேதிப்பொருள்கள், தட்டில் ஒட்டுண்ணியைத் தடுப்பதைக் கண்டார்கள். பெர்பெரினை வாய்வழியாகக் கொடுத்தால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது என்பது தெரிந்த விஷயம். ஆகவே கஷாயத்தின் பலன் முழுக்க எந்தப் பொருளால் வருகிறது என்பது அவ்வளவு நேராகச் சொல்லிவிட முடியாத ஒன்று.

இந்த இடத்தில் வழக்கமான பாதையில் போனவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முதலிலேயே பெர்பெரினைப் பிரித்தெடுத்து, அது குடலைத் தாண்டவில்லை என்று கண்டு, இந்தச் செடியையே கைவிட்டிருப்பார்கள். இவர்களுக்கு அந்த அவசியம் வரவில்லை, ஏனென்றால் கஷாயம் குடித்த மனிதர்களுக்கு என்ன ஆனது என்று ஏற்கெனவே கையில் இருந்தது. அவர்களுக்கு வேதியியல் வேறொரு வேலைக்குத் தேவைப்பட்டது: ஓர் ஊரில் பறித்த இலையும் இன்னோர் ஊரில் பறித்த இலையும் ஒரே தரத்தில் இருக்கிறதா என்று அளக்க ஓர் அடையாளப் பொருள் வேண்டும். அந்த வேலைக்குப் பெர்பெரின் மாதிரிப் பொருள் போதும்.

பிறகு நடந்தது

ஆரம்பத்திலிருந்து தரப்படுத்தப்பட்ட மருந்து வரை ஆறு ஆண்டுகள் ஆயின. மாலி அரசு அதற்கு ஒப்புதல் கொடுத்தது. மருந்தின் பெயரில் அந்தக் கிராமத்து வைத்தியரின் பெயரையே சேர்த்தார்கள். அறிவைக் கொடுத்தவரைக் கட்டுரையின் கடைசியில் ‘உள்ளூர்த் தகவலாளர்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிற வழக்கத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்த எனக்கு, இந்த ஆய்வில் மிகவும் பிடித்த காரியம் இதுதான்.

ஆய்வாளர்கள் சொன்ன பயன்பாடும் அடக்கமானது. நவீன மருந்து கைக்கு வரத் தாமதமாகும் இடத்தில் முதலுதவியாக இருக்கலாம். மலேரியா மிக அதிகமாகப் பரவும் பகுதிகளில் நவீன மருந்துக்குத் துணையாக வைத்துச் சோதித்துப் பார்க்கலாம், அதனால் கூட்டு மாத்திரை எல்லாருக்கும் எல்லாக் காய்ச்சலுக்கும் போய் எதிர்ப்பு உருவாவது தள்ளிப்போகக்கூடும். மாத்திரைக்குப் பதிலாக இதைக் குடியுங்கள் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை.

வேறு விதமாகச் செய்திருக்க வேண்டியவை

எனக்கு மூன்று குறைகள் தெரிகின்றன. முதலாவது, பெரிய சோதனையில் சேர்த்தவர்கள் மலேரியா என்று கருதப்பட்டவர்கள். கிராமத்தில் உண்மையில் எப்படிச் சிகிச்சை நடக்கிறதோ அதை அப்படியே பார்க்க வேண்டும் என்பது அவர்களின் காரணம், அந்தக் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் மலேரியா அல்லாத காய்ச்சல்காரர்கள் எத்தனை பேர் கலந்தாலும் அவர்கள் இரண்டு பக்கமும் தானாகவே குணமாகி, இரண்டு மருந்துக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தைக் குறைத்துக் காட்டிவிடுவார்கள். இன்று விரைவுப் பரிசோதனைப் பட்டை ஒரு சொட்டு ரத்தத்தில் கால் மணி நேரத்துக்குள் சொல்லிவிடுகிறது. அதில் உறுதியானவர்களை மட்டும் தனியாக எடுத்து அலசிப் பார்த்திருந்தால் 89க்கும் 95க்கும் நடுவிலிருக்கும் இடைவெளி எவ்வளவு உண்மை என்று தெரிந்திருக்கும்.

இரண்டாவது, அந்த 1.9 சதவீதம். இரண்டு பக்கமும் சமம் என்று கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆட்களாக மாற்றினால் விரல்விட்டு எண்ணக்கூடிய குழந்தைகள்தான். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் ஒரு பக்கம் அபாயம் இரண்டு மடங்காக இருந்தாலும் கண்ணில் படாது. முதல் கட்டத்தில் ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்கு 45 சதவீதம் என்று தெரிந்த பிறகு, மிகச் சிறு குழந்தைகளைப் பெரிய சோதனையிலிருந்து விலக்கியிருக்கலாம், இல்லையென்றால் அவர்களுக்கென்றே போதிய எண்ணிக்கையில் தனிச் சோதனை திட்டமிட்டிருக்கலாம். நானாக இருந்தால் விலக்கியிருப்பேன்.

மூன்றாவது, ஒரே வட்டாரம். எதிர்ப்பு சக்தி உள்ள மக்களிடம் கிடைத்த முடிவை அது இல்லாத மக்களிடம் கொண்டுபோக முடியாது. இது நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது. இந்தக் கதையைச் சொன்னதும் மாணவர்கள் கேட்பது, ‘நம் ஊரிலும் பிரமத்தண்டு கிடக்கிறதே, நாம் ஏன் கொடுக்கக் கூடாது?’ நம் ஊரில் மலேரியா அப்படி ஓயாமல் பரவுவதில்லை, ஆகவே அந்த எதிர்ப்பு சக்தி நம் யாருக்கும் கிடையாது, பெரியவர்களானாலும் அந்த மாலிக் குழந்தைகளின் நிலைமையில்தான் இருக்கிறோம். சென்னையில் மொட்டைமாடித் தொட்டிகளில் வளரும் ஸ்டீபன்சி கொசு பரப்புவது பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா ஒட்டுண்ணி. அது கல்லீரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து மறுபடி வரும், அதை வெளியேற்றத்தான் குளோரோகுயினோடு 14 நாள் பிரைமாகுயின் கொடுக்கிறார்கள். கல்லீரலில் உறங்கும் அந்தக் கட்டத்தை இந்தக் கஷாயம் தொடுமா என்று மாலியில் யாரும் சோதிக்கவில்லை, அவர்களுக்கு அது தேவையாகவும் இல்லை. பரிசோதனையும் மாத்திரையும் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். குளிர்சுரம் வந்தால் அங்கேதான் போக வேண்டும். கடுகு மாதிரி விதை ஒட்டிக்கொண்டிருக்கிற செடியைப் பறித்துவந்து வீட்டில் காய்ச்சிப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

இலைச்சாறு சோதிக்க விரும்புகிற மாணவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது செடியை அல்ல, வேலையின் வரிசையை. நிலவேம்பையோ வேறு எதையோ மறுபடி மெத்தனாலில் ஊறவைப்பதற்கு முன்னால், காய்ச்சலுக்கு மக்கள் உண்மையில் எதைக் குடித்தார்கள், என்ன அளவில், எத்தனை வயதில், கூடவே எந்த மாத்திரை சாப்பிட்டார்கள், ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் எப்படி இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரலாம். அதற்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், கேட்கிற கேள்விகள் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், குணமாகாதவர்களின் கதையும் அதே அக்கறையோடு எழுதப்பட வேண்டும். எலிக்கூண்டும் ஒட்டுண்ணி வளர்க்கும் வசதியும் இல்லாத கல்லூரியில்கூட இதைத் தொடங்க முடியும்.